அண்ணன் வண்டியில் பிரேக் பிடித்தது

அண்ணனின் முதல் வருடத் திதிக்குப் போடும் இந்த மலரில் பிரேக் ஆயிலைப் பற்றி எழுத வேண்டாம் என்று வீட்டிலேயே சொன்னார்கள். நினைவு மலர் என்றால் பிறந்த ஊர், பெற்றோர், குணநலன்கள், கடைசியில் நன்றி, அவ்வளவு போதும் என்றார்கள். அண்ணியின் தம்பி போனிலேயே சொன்னார்: "நல்ல போட்டோ ஒண்ணப் போட்டு, கீழ நாலு வரி போடுங்கக்கா. சாமி கும்பிட வர்றவங்க கையில குடுக்கிற புஸ்தகத்துல பிரேக்கு, கிளச்சுன்னு எழுதிக்கினு இருந்தா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். போன வருடம் காரியத்தன்று இதே வாசலில் பந்தல் போட்டு உறவுகள் உட்கார்ந்திருந்தபோது, என் அண்ணனைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. பிரேக் பிடிக்காத பழைய லாரியை ஓட்டி உயிரை விட்டார் என்ற பேச்சு. பந்தியில் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்குத் தாவி, திண்டிவனம் தாண்டி, விழுப்புரம் மண்டிக்கடைகள் வரை அது போய்விட்டது. அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கிடைத்திருக்கும் இடம் இந்தப் பக்கங்கள்தான். மைக்கைப் பிடித்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தால், ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பி வருகிறவள். ஆனாலும் எழுதுவேன்.

அண்ணன் பிறந்தது பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போவார்கள். அப்பா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த வருடம் அண்ணன் லாரியில் கிளீனராக ஏறினார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு களையெடுக்கப் போனேன். "நான் டிரைவராயிட்டா நீ திரும்பப் பள்ளிக்கூடம் போலாம் பாப்பா" என்று அண்ணன் சொன்னார். அவர் டிரைவர் ஆவதற்குள் எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அதில் எனக்கு அவர் மேல் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. என் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். என் கணவர் போன பிறகு, திண்டிவனத்தில் தன் வீட்டை ஒட்டியே எனக்கும் ஒரு கூரையைப் போட்டுக் கொடுத்து, நான் கேட்காமலே என் குடும்பத்தையும் தூக்கிச் சுமந்தவர் அவர்தான்.

கிளீனராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். கல்வராயன் மலையிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, அந்த வண்டியின் பிரேக் பாதி மலையில் போய்விட்டது. பெடலை மிதித்த டிரைவரின் கால் சேற்றில் புதைந்த மாதிரி உள்ளே போயிருக்கிறது. எங்கும் உடைசல் இல்லை, ஒழுகலும் இல்லை. உள்ளே இருந்த எண்ணெய் பல வருடமாக மாற்றாத எண்ணெய். அதில் தண்ணீர் ஏறியிருந்தது. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்து மிதித்துச் சூடானதும், அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பிடிக்காது. டிரைவர் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கிப் பாறையில் உரசி நிறுத்தினாராம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஊருக்கு வந்த அண்ணன் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் வண்டி வாங்கினா, மொதல்ல பிரேக்கு. அப்புறந்தான் சோறு."

வாங்கினார். பழைய வண்டிதான். இப்போது வருகிற லாரிகளில் பிரேக் முழுக்கக் காற்றிலேயே வேலை செய்கிறது என்கிறார்கள். அண்ணன் வண்டி அந்தக் காலத்து வண்டி. பெடலை மிதித்தால் எண்ணெய்தான் குழாய் வழியாக ஓடிப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். காற்று அதற்குக் கூடமாடக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்த வண்டியில்தான் மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றி விழுப்புரம் மண்டிகளுக்குக் கொண்டுபோவார். உப்பு லோடு என்றாலே பலர் வேண்டாம் என்பார்கள், இரும்பைத் தின்றுவிடும் என்று. அண்ணன் ஒவ்வொரு லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, அடியில் படுத்து பிரேக் குழாய் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் தடவிப் பார்ப்பார். துரு தட்டுப்பட்டால் அடுத்த லோடு போகாது, குழாய் மாறும்.

பிரேக் ஆயில் விஷயத்தை எங்கள் எல்லாருக்கும் அவர் உப்பை வைத்துத்தான் விளக்கினார். "ஐப்பசி மாசத்துல உப்பு ஜாடியத் தொறந்து பாரு. யாரு தண்ணி ஊத்துனாங்க அதுல? அதுவா காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும். பிரேக் ஆயிலும் அப்பிடித்தான். மூடி மூடியேதான் இருக்கும், ஆனா குடிச்சிக்கினே இருக்கும்." அதனால்தான் வருடம் திரும்பினால் பழைய எண்ணெய் முழுக்க வெளியே வந்துவிட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது, நிறம் கறுக்கவில்லையே என்றெல்லாம் பார்க்க மாட்டார். புது எண்ணெய் தெளிந்த தேன் மாதிரி இருக்கும். பழசு புளித்தண்ணீர் மாதிரி வரும். புளித்தண்ணீர் ஆகும்வரை காத்திருக்கிறவன் மடையன் என்பது அவர் கட்சி.

எந்த எண்ணெய் என்பதிலும் அவருக்குப் பிடிவாதம். டப்பாவில் டாட் மூன்று, டாட் நான்கு என்று போட்டிருக்கும். வண்டி செய்தவன் எதைப் போடச் சொல்லியிருக்கிறானோ அதைத்தான் போடுவார். ஒருமுறை அண்ணி கடைக்குப் போனபோது, டாட் ஐந்து என்று போட்ட டப்பாவை, பெரிய நம்பர்தானே ஒசத்தி என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். "இது பரீட்சை மார்க்கு இல்லம்மா" என்று சொல்லி அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஐந்து என்று மட்டும் போட்டது வேறு வகை எண்ணெயாம், மற்றதோடு சேராதாம். இன்ஜின் ஆயிலையோ ஜாக்கி ஆயிலையோ அவசரத்துக்கு ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் ஊறிப் பருத்துவிடும், பிறகு பிடித்த பிரேக் விடாது, இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. சின்ன டப்பாவாகத்தான் வாங்குவார். திறந்து மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைக்க மாட்டார். வைத்தால் அதுவும் குடிக்குமே. எண்ணெய் அளவு குறைந்திருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் போகிறவரும் இல்லை. "எங்க போச்சுன்னு கேக்காம ஊத்தக் கூடாது" என்பார். சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்திருக்கிறதா, சக்கரத்துக்குள் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திருகுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெடலில் இருந்தது என் கால்.

எண்ணெய் மாற்றினால் குழாயில் காற்று நின்றுவிடும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில் சக்கரத்தருகில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மற்றவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும். திருகு திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், காற்று திரும்ப உள்ளே போய்விடும், அத்தனையும் வீண். கோலியனூரிலிருந்து மெக்கானிக் அந்தோணி வந்து கூட இருந்தாலும், பெடலுக்கு அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார். நான் முதலில் நாலு சக்கரத்துக்கும் கல் வைத்திருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பேன். அப்புறம் ஏறி உட்கார்ந்து, "கல்லு வச்சிருக்கியாண்ணா?" என்று ஒருமுறை கேட்பேன்.

"இப்பத்தான பாத்துட்டு ஏறின?"

"நான் ஏறும்போது நவுந்திருந்தா?"

"மல்லாட்டை மூட்டையாட்டம் கல்லு வச்சிருக்கேன், ஏன் பேஜாரு பண்ற? ம்... அழுத்து. இன்னும் அழுத்து. புடி. புடிச்சிக்கினே இரு."

"எடுக்கட்டுமாண்ணா?"

"நான் சொல்லாம எடுக்காத. ம், வுடு."

அண்ணியை ஏன் உட்கார வைப்பதில்லை என்று ஒருமுறை அந்தோணி கேட்டார். "அவ போன் அடிச்சா எழுந்து போயிடுவா. இது பயந்த புள்ள. பயந்த காலு சொல்லாம மேல வராது" என்றார் அண்ணன். அடுப்படியிலிருந்தே அண்ணி குரல் கொடுத்தார்: "ஆமா, நான் ஒருத்தி சோத்த வடிப்பனா, ஒங்க பிரேக்க வடிப்பனா?"

ஆனால் ஓடுகிற லாரியில் நான் ஏறியதில்லை. இன்ஜினைப் போட்டால் இறங்கிவிடுவேன். திண்டிவனத்திலிருந்து மயிலத்துக்குக்கூட அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டும், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் மட்டுமே போவேன். இது எங்கள் உறவில் குழந்தைகள் வரைக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆயுத பூஜையில் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று தெரிய வேண்டுமே. ஒரு வருடம் பூஜைக்கு எங்கள் பெரியப்பா வந்திருந்தார். கூடவே அவர் மகன், விழுப்புரத்தில் உப்பு மண்டி வைத்திருக்கும் ஏகாம்பரம் அவர்கள், தன் சம்பந்தி வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார். மாலை, சந்தனம், வாழைக்கன்று என்று லாரி மாப்பிள்ளை மாதிரி நின்றது. அண்ணன் அன்று காலையில்தான் புது எண்ணெய் மாற்றிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பெரியப்பா மயிலம் மலையிலிருந்து ஒரு சொம்பில் தீர்த்தம் கொண்டு வந்திருந்தார். அவர் பெரிய பக்திமான். மகன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து கொடுக்க, அவர் ரேடியேட்டரில் கொஞ்சம் விட்டார், டீசல் டேங்கின் மேல் தெளித்தார். "எல்லாத்துக்கும் காட்டு நைனா" என்று சொல்லி ஏகாம்பரம் அவர்கள் பிரேக் ஆயில் கப்பின் மூடியையும் திறக்க, அதிலும் ஒரு கை விட்டுவிட்டார்.

ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். ஈரத் தலையோடு வந்தார். கப்பை எட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்பேனர் பையை எடுத்தார். எனக்குப் புரிந்தது. நான் கல் வைக்கப் போனேன்.

பெரியப்பா பதறிவிட்டார். "டேய், இன்னாடா பண்ற? சாமி தீர்த்தத்தையா கீழ ஊத்தற?"

"பெரியப்பா, ரேடியேட்டருக்குத் தாகம் எடுக்கும். அதுக்கு இன்னொரு சொம்பு ஊத்துங்க, நானே மூடியத் தொறந்து வுடறேன். பிரேக்குக்குத் தண்ணி ஆவாது. சாமி தண்ணியா இருந்தாலும் சூடேறினா ஆவிதான்."

"ஒரு கை தண்ணில லாரி கவுந்துடுமா?" என்றார் ஏகாம்பரம் அவர்கள். "நாலு பேரு முன்னாடி ஏண்டா இந்த அல்டாப்பு?"

"கவுந்தா நீயா வந்து நிமித்துவ?"

சம்பந்தி வீட்டார் பொரியை மென்றுகொண்டு பார்த்தார்கள். பூஜை நேரம் தாண்டியது. அண்ணனும் நானும் எல்லாச் சக்கரத்திலும் எண்ணெயை இறக்கி, மறுபடி புதுசு ஊற்றி, காற்றெடுத்து முடித்த பிறகுதான் தேங்காய் உடைந்தது. தீர்த்தம் கலந்த எண்ணெயை மண்ணில் கொட்ட அண்ணிக்கு மனம் வரவில்லை. அண்ணன் எப்போதும் போல அதை அந்தோணி பட்டறையின் கழிவு டிரம்முக்கு அனுப்பினார். "இந்த வருசம் எங்க பட்டறைக்கு முருகரே வந்துட்டாரு, ஸ்தோத்திரம்" என்று அந்தோணி வாங்கிக்கொண்டார். பெரியப்பா சாகும்வரை இதைச் சொல்லி அவரே சிரிப்பார். மகன் சிரிக்கவில்லை. பெற்ற நைனாவைச் சபையில் அவமானப்படுத்திவிட்டான் என்று வைத்துக்கொண்டார். லோடு மட்டும் கொடுத்துவந்தார். அண்ணன் மாதிரி சொன்ன நேரத்துக்கு உப்பு கொண்டு வந்து இறக்குகிறவர் வேறு ஆள் கிடையாதே.

அண்ணனின் கடைசி நாளைப் பற்றி எழுதுகிறேன். காலையில் மரக்காணத்தில் லோடு ஏற்றியதும் வழக்கம்போல் போன் செய்தார். நான் போனை எடுக்கும் முன்பே எதைக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். "ஏத்தியாச்சு பாப்பா. கட்டியாச்சு. மெதுவாத்தான் வந்துக்கினு இருக்கேன். போதுமா?" என்றார். அதுதான் நான் கேட்ட கடைசிக் குரல்.

திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. இறக்கத்தின் அடியில் பூ விற்கும் கன்னியம்மா நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். எங்களுக்கு உறவு இல்லை, முன்பின் தெரியாது. மூன்றாம் நாள் விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்து, கூடையை வாசலில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"மேலருந்து வர்ற வேகத்தப் பாத்து நானே எழுந்துட்டேன்மா. கீழ பஸ்ஸு நிக்குது. எறங்கின ஜனம் ரோட்டக் கடந்துக்கினு இருக்குது, கைக்கொழந்தக்காரிங்க எல்லாம். டயரு கத்துச்சு பாரு, இப்பவும் காதுல கேக்குது. வர்ற வர்ற மெதுவாயி, ஜனத்துக்கும் வண்டிக்கும் ஒரு கட்டில் போடற எடம்தான், ரோட்டு நடுக்கட்டைல மோதி ஒரு சக்கரத்த மேல ஏத்திக்கினு நின்னுபோச்சு. எல்லாரும் திட்டிக்கினு ஓடினாங்க, குடிச்சிட்டு ஓட்டறான்னு. போய்ப் பாத்தா ஸ்டேரிங்கு மேல சாஞ்சிக்கினு இருக்காரு. ஆரன் அடிச்சிக்கினே இருக்குது. கால எடுக்கலம்மா. பிரேக்கு மேலயே இருந்துது காலு. ஷேர் ஆட்டோக்காரு சக்கரத்துக்குக் கல்லு வச்ச பொறவுதான் ரெண்டு பேரு சேந்து அந்தக் கால எடுத்தாங்க."

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, தானே ஓட்டிப் பார்த்து, "பிரேக்ல ஒரு குறையும் இல்லப்பா, நல்லா வச்சிருந்திருக்காரு" என்று அண்ணன் மகன் பிரபுவிடம் சொன்னார். சாலையில் டயர் இழுத்த கறுப்புக் கோடு பல நாள் இருந்தது. பிரேக் பிடிக்காத வண்டி கோடு போடுமா?

ஆனால் நடுக்கட்டையில் ஏறி நின்ற லாரியின் படத்தைத்தான் ஊர் போனில் பார்த்தது. பழைய லாரி, கட்டையில் ஏறி நிற்கிறது, டிரைவர் இறந்துவிட்டார். மிச்சத்தை அவரவரே சேர்த்துக்கொண்டார்கள். காரியத்தன்று பந்தலில் ஏகாம்பரம் அவர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பிரேக்கு புடிக்கல, வேற இன்னா? அந்த ஓட்ட வண்டிய வித்துத் தொலைடான்னு அப்பவே சொன்னேன். கேட்டானா? பிரேக்கு பிரேக்குன்னு ஊருக்கே பாடம் எடுத்தான், கடைசில அதுவே வாங்கிடுச்சி." சிலர் தலையாட்டினார்கள். நான் தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தேன். சொம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன். என் சுபாவம் அப்படி.

அதற்குப் பிறகு பிரபுவுக்கு லோடு வருவது நின்றது. அவன் லைசென்ஸ் எடுத்து, அண்ணன் கூடவே ஓடிப் பழகியவன். மண்டிக்கு மண்டி, "அந்த வண்டியா? பிரேக்கு பாக்காத வண்டி ஆச்சே" என்றார்கள். லாரி வாசலிலேயே நின்றது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடலாம் என்று அண்ணி அழுதுகொண்டே சொன்னார். பிரபு சாப்பிடாமல் எழுந்து போய்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லட்டும் அத்தை, கேட்டுக்கிறேன். அப்பாவுக்கு பிரேக்கு பாக்கத் தெரியலன்னு சொல்றாங்களே" என்றான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "ஒரு லோடு புடி. நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எங்க வர?"

"லாரிலதான்."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

மரக்காணத்தில் ஓர் உப்பளக்காரர் மட்டும், "உங்கப்பன் வண்டிக்கு நான் ஏத்தாம வேற யாரு ஏத்துவா" என்று லோடு கொடுத்தார். சரக்கு போக வேண்டிய இடம் விழுப்புரத்தில் ஏகாம்பரம் அவர்களின் மண்டி. எந்த வண்டி வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வண்டி கிளம்புவதற்கு முன் அந்தோணி வந்தார். சும்மா நின்ற வண்டி என்பதால் ரப்பர் கப்பு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, எண்ணெயை மாற்றினோம். அந்தோணி அடியில் படுத்துக்கொண்டு, "அழுத்துக்கா... புடி" என்றார். குரல் வேறாக இருந்ததால் எனக்குக் கண்ணீர் வந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரை, "பிரபு, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்" என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். மேம்பாலத்தின் உச்சியில் வண்டி ஏறியதும் வாய்விட்டு முருகா என்றேன். முழு லோடு பின்னாலிருந்து தள்ளுவது உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரிந்தது. பிரபு மிதித்தான். வண்டி அடங்கியது. இறக்கம் முழுக்க, கயிற்றைப் பிடித்த மாடு மாதிரி, அவன் காலுக்குக் கட்டுப்பட்டு இறங்கியது. அடியில் கன்னியம்மா எழுந்து நின்று கும்பிட்டார். அண்ணன் அந்த இடத்தில் என்ன பாடுபட்டு வண்டியை நிறுத்தியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பாரம், அந்த இறக்கம், நெஞ்சில் அந்த வலி. எப்படி மிதித்தாரோ.

விழுப்புரம் மண்டி வாசலில் நின்றதும் ஏகாம்பரம் அவர்கள் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தார். "யாருடா இந்த வண்டில ஏத்தச் சொன்னது? ஒரு தபா சொன்னா..." கேபினில் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, நீயா? லாரிலயா வந்த?"

"ஆமாண்ணா. மரக்காணத்துலருந்து."

"நீ மாட்டு வண்டிலயே கண்ண மூடிக்கினு வர்றவளாச்சே!"

"இப்பவும் மூடிக்கினுதான் வந்தேன். வண்டி தொறந்துக்கினு வந்துது."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் பேச வராது என்று தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "பிரேக்கு புடிக்கலன்னு பந்தல்ல சொன்னீங்க. ஏறுங்கண்ணா. லோடோடவே பைபாஸ் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம். எங்க நிறுத்தச் சொல்றீங்களோ அங்க பிரபு நிறுத்துவான். நிக்கலன்னா நாளைக்கே இரும்புக்குப் போட்டுடறோம்."

"எனக்குக் கடைல வேல கெடக்குது."

"முடிச்சிட்டு வாங்க. நாங்க நிக்கிறோம். நிக்கறதுல இந்த வண்டிய அடிச்சிக்க ஆளு கிடையாது."

மறுபடியும் சிரித்தார்கள். அவர் தொழிலாளர்கள் பக்கம் திரும்பி, "இன்னாடா வேடிக்க? ஜல்தி எறக்குங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஏறவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை. ஆனால் அன்று மூட்டை இறக்கியவர்கள் மற்ற மண்டிகளிலும் வேலை செய்கிறவர்கள். அந்தப் பயந்தாங்கொள்ளி அம்மாவே ஏறி வந்த வண்டி என்ற பேச்சு அவர்கள் வாயில் போயிருக்க வேண்டும். அடுத்த வாரமே பிரபுவுக்கு இரண்டு இடங்களிலிருந்து போன் வந்தது. இப்போது வண்டி ஓடுகிறது. இரும்புக்காரர் வரவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் சொந்தங்கள் இந்த மலரை வாங்கிக்கொண்டு போவீர்கள். லாரியோ, வேனோ, டிராக்டரோ, வண்டி பழசு என்று வெட்கப்படாதீர்கள். எண்ணெய் பழசாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் இருந்தால் இதைத்தான் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்லியிருப்பார், நீங்கள் கேட்காவிட்டாலும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத என் அண்ணனின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்த கன்னியம்மாவுக்கு எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் கடமைப்பட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்த ஷேர் ஆட்டோக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் நேரில் போய்க் கும்பிடுவோம். சவாரியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரை கூட வந்தவர்களுக்கும், காரியத்துக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், உப்பளக்காரருக்கும், கூப்பிட்ட குரலுக்குக் கோலியனூரிலிருந்து வந்து நிற்கும் அந்தோணிக்கும் நன்றி. ஏகாம்பரம் அவர்களும் அன்று பாடையைத் தோளில் சுமந்தார், பாதியில் மாற்றிக்கொள்ளாமல் சுடுகாடு வரை வந்தார். அந்தத் தோளுக்கு நன்றி. அந்த வாய்க்கு இல்லை.

அண்ணன் வண்டியில் பிரேக் பிடித்தது. பிடித்ததால்தான் அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வண்டி நின்றது, அதற்குப் பிறகுதான் அண்ணன் போனார். இதைப் படித்த பிறகும் இல்லை என்று சொல்ல நினைக்கிறவர்கள், சாப்பிட்டுவிட்டே வந்து சொல்லலாம், அவசரம் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். கடைசிப் பந்தி எழும்வரை வாசலில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
தங்கை